பீஸ் ஆற்றில் தொல்முதலைப் பற்கள் சேகரிப்பது எப்படி? புளோரிடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பார்டோ நகரையொட்டித் தொடங்கித் தெற்கே சார்லட் வளைகுடாவில் கலக்கும் பீஸ் ஆறு, முதலை இனங்களின் புதைபடிவப் பற்களைச் சாதாரண மனிதர்களும் சட்டப்படி எடுத்துச் சேகரிக்கக்கூடிய இடங்களுள் ஒன்று. டாம்பாவிலிருந்தோ ஒர்லாண்டோவிலிருந்தோ ஏறத்தாழ இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஆற்றை அடைந்துவிடலாம். ஆனால் இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சுறாப் பல்லுக்கு அனுமதி தேவையில்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு எதற்குமே தேவையில்லை என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. எடுத்தது எல்லாவற்றையும் அரசு பிடுங்கிக்கொள்ளும் என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. அந்தக் குழப்பத்தில் நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

இங்கே கிடைக்கும் முதலைப் பற்கள் பெரும்பாலும் இரண்டு வகை விலங்குகளுடையவை. ஒன்று, இன்றும் அந்த ஆற்றில் வாழும் அமெரிக்க அலிகேட்டரின் பனியுகக் கால முன்னோர்களுடையது. மற்றொன்று, முற்றிலும் அழிந்துபோன தெக்காசாம்ப்சா என்னும் நீள்மூக்கு முதலையுடையது. சென்னையை அடுத்த வடநெம்மேலி முதலைப் பண்ணையில் கரியல் முதலையைப் பார்த்திருக்கிறீர்கள் என்றால், அதே போன்ற குறுகிய நீண்ட தாடையுடைய, ஆனால் அதைவிடப் பருத்த ஒரு விலங்கை நினைத்துக்கொள்ளுங்கள். இப்பகுதியில் பாஸ்பேட் வெட்டியெடுக்கப்படும் ‘போன் வேலி’ படிவுகளில் அதன் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஆறு அந்தப் படிவுகளை அரித்துக் கொண்டுவந்து தன் சரளைக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தச் சரளையை அள்ளிச் சல்லடையில் சலித்துத்தான் பற்களை எடுக்க வேண்டும். முதலைகள் வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைப்பவை என்பதால், ஒரே விலங்கு ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்திருக்கும். மண்டையோடும் தாடையும் அரிதாகவே கிடைக்க, பற்கள் மட்டும் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பது அதனால்தான்.

1. முதலில் அனுமதி, பிறகு சல்லடை

புளோரிடாவில் மாநில அரசுக்குச் சொந்தமான நிலத்திலும் ஆற்றுப்படுகையிலும் கிடைக்கும் முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவங்கள் அரசின் சொத்து. அவற்றைச் சேகரிக்க ‘ஃபாசில் பெர்மிட்’ எனப்படும் அனுமதி வேண்டும். கெய்ன்ஸ்வில்லில் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இதை வழங்குகிறது. கட்டணம் 5 டாலர், ஓராண்டுக்குச் செல்லும். அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நீங்கள் அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்றோ, ஆய்வாளராக இருக்க வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை.

விண்ணப்பிக்க உட்காரும் முன், ஓட்டுநர் உரிமம் போன்ற படமுள்ள அடையாள ஆவணத்தின் தெளிவான நகல், அதில் உள்ளபடியே எழுத்து மாறாத பெயர், நிலையான அஞ்சல் முகவரி ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்குப் பெயர் விஷயத்தில்தான் வழக்கமாகச் சிக்கல் வரும்: பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகவும், உரிமத்தில் முதலெழுத்தாகவும் இருக்கும். எந்த ஆவணத்தின் நகலைக் கொடுக்கிறீர்களோ அந்த ஆவணத்தில் இருக்கும் வடிவத்தையே எழுதுங்கள். மறுநாள் காலையில் பயணத்தை வைத்துக்கொண்டு முந்தின இரவில் விண்ணப்பிக்காதீர்கள். ஆற்றில் நீர் வடிந்து சலிக்கும் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே முடித்துவிடுவது நல்லது. அனுமதி கையில் வந்ததும் ஒரு நகல் எடுத்து, நீர் புகாத உறையில் போட்டு, படகில் எடுத்துச் செல்லும் பையிலேயே வைத்துவிடுங்கள். கைப்பேசியில் படம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஆற்றில் முதலில் மூழ்குவது கைப்பேசிதான்.

சுறாப் பற்கள், செடிகொடிகளின் புதைபடிவங்கள், சிப்பி முதலான முதுகெலும்பற்றவை ஆகியவற்றுக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஆனால் ஒரே சல்லடையில் சுறாப் பல்லும் முதலைப் பல்லும் சேர்ந்துதான் வரும். சுறாப் பல்லை வைத்துக்கொண்டு முதலைப் பல்லை மட்டும் திருப்பிப் போடும் கட்டுப்பாடு யாருக்கும் நெடுநேரம் நிற்காது. 5 டாலரை மிச்சப்படுத்த நினைக்க வேண்டாம்.

அனுமதிக்குள் வராத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அம்பு முனை, பானை ஓடு, செதுக்கிய எலும்பு போன்ற மனிதர் செய்த பழம்பொருள்கள் வேறொரு சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை ஆற்றுப்படுகையிலிருந்து எடுப்பது குற்றம். சல்லடையில் வந்தால் எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிடுங்கள்.

2. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

படகு செல்லத்தக்க ஆறுகளின் படுகை, சாதாரண உயர்நீர் எல்லை வரை, மாநில அரசுக்குச் சொந்தம். அந்த எல்லைக்கு மேலே கரை பெரும்பாலும் தனியார் நிலம். எனவே ஆற்றுக்குள் நின்று சலிக்கும்போது நீங்கள் அரசு நிலத்தில் இருக்கிறீர்கள். சாப்பிடுவதற்காகக் கரையேறி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் வேறொருவருடைய மாட்டுப் பண்ணைக்குள் அத்துமீறியவராகிவிடலாம். மணல்திட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுவது உத்தமம்.

பீஸ் ஆற்றில் கலக்கும் சிற்றோடைகள் புதியவர்களை மிகவும் ஈர்ப்பவை: ஆழம் குறைவு, நிழல் அதிகம், கூட்டம் இல்லை. ஆனால் அவற்றில் பலவற்றின் படுகையே தனியாருக்குச் சொந்தமாக இருக்கக்கூடும். நில உரிமையாளரின் ஒப்புதல் எழுத்தில் இல்லாமல் அவற்றுக்குள் நுழையாதீர்கள். அரசு நிலத்துக்கான அனுமதிச்சீட்டு தனியார் நிலத்தில் எதற்கும் உதவாது. அதேபோல மாநிலப் பூங்காக்கள், தேசியப் பூங்காக்கள், வனவிலங்குப் புகலிடங்கள், பழங்குடியினர் நிலம் ஆகியவற்றிலும் இந்த அனுமதி செல்லாது. பௌலிங் கிரீன் அருகிலுள்ள பெய்ன்ஸ் கிரீக் மாநிலப் பூங்கா ஆற்றையொட்டியே இருப்பதால் அங்கே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிச் சலிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பூங்கா எல்லைக்குள் அது கூடாது. பாஸ்பேட் சுரங்க வளாகங்களும் வேலியிட்ட தனியார் இடங்களே.

யு.எஸ். 17 நெடுஞ்சாலை பார்டோவிலிருந்து கடற்கரை வரை ஆற்றுக்கு இணையாகவே செல்வதால், ஃபோர்ட் மீட், வாச்சுலா, சோல்ஃபோ ஸ்பிரிங்ஸ், கார்ட்னர், பிரவுன்வில், ஆர்கேடியா ஆகிய ஊர்களில் பொதுப் படகுத்துறைகளை எளிதாக அடையலாம். முதல் தடவை செல்பவர்களுக்கு நான் சோல்ஃபோ ஸ்பிரிங்ஸ் பயனியர் பூங்காவையே சொல்வேன். அது மாவட்டப் பூங்கா, ஆற்றுக்குள் நடந்தே இறங்கலாம், படகு வாடகை மிச்சம். எல்லோரும் இறங்கும் இடம் என்பதால் துறையையொட்டிய சரளை நன்றாகவே கிளறப்பட்டிருக்கும். சற்றுத் தூரம் ஆற்றுக்குள் நடக்க அலுக்காதீர்கள்.

3. நீர்மட்டம் பார்த்து நாளைக் குறித்தல்

என்னைக் கேட்டால், கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இந்த ஒரு படியில்தான் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். ஆறு கரைபுரண்டு ஓடும். வடிவதற்கு அதற்கு மேலும் சில வாரங்கள் ஆகும். நவம்பரிலிருந்து மே வரை வறண்ட பருவம். பிப்ரவரி முதல் மே வரை நீர் மிகவும் தாழ்ந்திருக்கும். ஜனவரியில் நீர் தாழ்ந்திருந்தாலும் எலும்பு வரை குளிரும். இடுப்பளவு நீரில் நான்கு மணி நேரம் நிற்பதற்கு, உடற்சூட்டைக் காக்கும் ‘வெட்சூட்’ நீச்சலுடை இல்லாமல் முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் நீர் இதமாக இருக்கும். ஆனால் அலிகேட்டர்கள் இணைசேரும் காலம் என்பதால் அவற்றின் நடமாட்டமும் அதிகம். மார்ச் மாதம் இரண்டுக்கும் நடுவே நல்ல சமரசம்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் பார்டோ, ஃபோர்ட் மீட், சோல்ஃபோ ஸ்பிரிங்ஸ், ஆர்கேடியா ஆகிய இடங்களில் ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. நீங்கள் இறங்கும் இடத்துக்கு அருகிலுள்ள அளவுமானியைப் பாருங்கள். அன்றைய எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. கடந்த ஒரு வாரத்தில் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும், வடக்கே இரண்டு நாட்களுக்கு முன் பெய்த மழை இன்றுதான் உங்கள் காலடிக்கு வந்து சேரும். ஒவ்வொரு பயணத்தின் போதும் அன்றைய மட்டத்தைக் குறித்து வைத்தால், எந்த மட்டத்தில் எந்தச் சரளைத்திட்டு எட்டும் என்பது ஒரு பருவத்துக்குள் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

படகு வாடகைக்கு எடுப்பதானால் ஆர்கேடியாவில் கனூ நிலையங்கள் உண்டு. அவர்கள் உங்களை வண்டியில் மேல்நீருக்கு ஏற்றிச் சென்று இறக்கிவிடுவார்கள். நீங்கள் ஓட்டத்தோடு மிதந்து வந்து வண்டி நிற்கும் இடத்தில் சேர வேண்டும். வறண்ட பருவத்தின் வார இறுதிகள் விரைவில் நிரம்பிவிடுவதால் முன்பதிவு அவசியம். அங்கே பல தூரங்களுக்குப் பயணம் வைத்திருப்பார்கள். காசுக்கு நிறைய ஆறு கிடைக்கிறதே என்று நீண்ட பயணத்தை எடுக்க வேண்டாம். நாள் முழுவதும் துடுப்புப் போடுவதிலேயே கழிந்துவிடும். சலிக்க நேரம் இருக்காது. இருப்பதிலேயே குறுகிய பயணத்தைக் கேளுங்கள். படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சட்டம். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அதை அணிந்தே இருக்க வேண்டும்.

4. கருவிகளும் செலவும்

தேவைப்படுபவை மூன்றே: நீண்ட பிடியுள்ள ஷவல் ஒன்று, சல்லடை ஒன்று, நான்கைந்து அடி நீளமுள்ள மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று. சல்லடையைக் கடையில் வாங்குவதைவிட வீட்டிலேயே செய்வது மலிவு. மரச் சட்டம், கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை, கொஞ்சம் ஸ்டேப்பிள், மிதப்பதற்காகச் சுற்றிலும் நீச்சல்குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கும் நுரைக்குழாய். அரை அங்குலக் கண் வேகமாகச் சலிக்கும். ஆனால் அலிகேட்டரின் பின்வரிசைப் பற்கள் அதில் நழுவிப் போய்விடும். கால் அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள்.

பம்பு, உறிஞ்சு இயந்திரம் போன்ற எதையும் கொண்டு செல்லாதீர்கள், கைக்கருவிகளே போதும். கரையைத் தோண்டுவது கூடவே கூடாது. அது சட்டத்துக்கு விரோதம் என்பதோடு, வேரோடு நிற்கும் மரம் உங்கள் மேலேயே சாயும். படுகையில் தோண்டிய குழியை மூடிவிட்டுப் போங்கள். கலங்கிய நீரில் அடுத்து வருபவர் அதற்குள் காலை விட்டு முட்டியை உடைத்துக்கொள்ளக்கூடும்.

மொத்தச் செலவில் அனுமதிக் கட்டணம் ஒரு மூலைக்குக் காணாது. சல்லடையும் ஷவலும் ஒரு முறைச் செலவு. ஒவ்வொரு தடவையும் கையைக் கடிப்பது படகு வாடகையும் பெட்ரோலும்தான். நடந்தே இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிக்கு மேல் குறைந்துவிடும். பழைய ஷூவைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ஆற்றடியில் உடைந்த பாட்டில்கள் நிறைய.

5. ஆற்றுக்குள்

மணலில் ஒன்றும் இருக்காது. மணலுக்கு அடியிலுள்ள சரளையில்தான் எல்லாம் இருக்கிறது. கம்பியை மணலில் செலுத்திக்கொண்டே நடங்கள். வழுவழுவென்று இறங்கினால் மணலோ களிமண்ணோதான். ‘கறக் கறக்’ என்று கையில் அதிர்வு தெரிந்தால் சரளை. ஆற்று வளைவுகளின் உட்புறம், விழுந்து கிடக்கும் மரங்களின் பின்புறம், வேகமான நீர் திடீரென்று தணியும் இடம் ஆகியவற்றை முதலில் சோதியுங்கள். நல்ல சரளை என்பது கறுத்த பாஸ்பேட் கூழாங்கற்களும், கையளவு எலும்புத் துண்டுகளும் கலந்தது. கடற்பசுவின் உருண்டு தேய்ந்த விலா எலும்புத் துண்டுகள் தொடர்ந்து வருகின்றன என்றால் இடம் சரி, அங்கேயே நில்லுங்கள். கூழாங்கல் எல்லாம் ஒரே அளவில் சிறுத்து, எலும்பே வராவிட்டால், சில சல்லடைகளுக்குப் பிறகு நகர்ந்துவிடுங்கள். புதியவர்கள் அந்த நகர்வைத்தான் செய்யத் தயங்குகிறார்கள். தோண்டிய குழியின் மேல் ஒரு பாசம் வந்துவிடுகிறது.

இந்த ஆற்றில் உயிருள்ள அலிகேட்டர்களும் இருக்கின்றன. பெரும்பாலும் மனிதர்களைக் கண்டால் விலகிப் போகும். ஆனால் தனியாகப் போகாதீர்கள். நாயைக் கூட்டிச் செல்லாதீர்கள். அடி தெரியாத ஆழமான மடுக்களில் இறங்காதீர்கள். அந்தி சாய்வதற்கு முன் வெளியேறிவிடுங்கள். அவற்றுக்குத் தீனி போடுவது புளோரிடாவில் குற்றம். இடி கேட்டால் உடனே நீரைவிட்டு வெளியேற வேண்டும். வெயில் காலத்தில் வெதுவெதுப்பான நன்னீரில் தலையை முக்குவதையும் மூக்கில் நீர் ஏறுவதையும் தவிர்த்துவிடுங்கள். மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்று அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அரிது.

6. கையில் இருப்பது முதலைப் பல்தானா?

சல்லடையில் ஈரமாகக் கிடக்கும்போது முதலைப் பல் மற்றொரு கறுப்புக் கூழாங்கல்லாகத்தான் தெரியும். எடுத்து விரலால் உருட்டிப் பாருங்கள். கூம்பு வடிவம் இருக்கும். மேற்பரப்பில் கண்ணாடி போன்ற எனாமல் பளபளப்பு இருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் அடியிலிருந்து நுனிவரை ஓடும் மெல்லிய விளிம்புக் கோடுகள் இரண்டு நகத்தில் தட்டுப்படும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் எனாமலில் நுனியை நோக்கி ஓடும் நுண்ணிய வரிகள் தெரியும். திருப்பி அடியைப் பாருங்கள்: உள்ளே குழிந்திருக்கும், அந்தக் குழிக்குள் சாம்பல் நிற மணல் இறுகி அடைத்திருக்கும். புதுப் பல் கீழிருந்து தள்ளும்போது பழைய பல்லின் வேர் கரைந்துவிடுவதால்தான் உதிர்ந்த பல்லுக்கு வேர் இருப்பதில்லை. உடைந்த பல்லானால் கூம்புக்குள் கூம்பாக அடுக்கடுக்காகப் பிளந்திருப்பதையும் காணலாம்.

ஏமாற்றுபவை சில. டால்பின் வகைகளின் பல்லும் கூம்புதான். ஆனால் அதற்கு நீண்ட, கெட்டியான வேர் இருக்கும், விளிம்புக் கோடுகள் இருக்காது. பாலூட்டிகளின் கோரைப்பல்லில் வேர் எனாமல் பகுதியைவிடப் பெரிது. பாரகுடா மீனின் பல் தட்டையானது. எனாமல் படலமே இல்லாத வழுவழுப்பான கூம்பு வெறும் பாஸ்பேட் கல்.

அலிகேட்டரா தெக்காசாம்ப்சாவா என்பது அடுத்த கேள்வி. குட்டையாக, தடித்து, குறுக்கே வட்டமாக இருந்தால் அலிகேட்டர் பக்கம் சாயலாம். மொட்டைத் தலையும் ஒடுங்கிய கழுத்தும் கொண்ட பொத்தான் போன்றவை அதன் பின்வரிசைப் பற்கள். நீண்டு, மெலிந்து, சற்றே வளைந்து, விளிம்புக் கோடுகள் கூர்மையாக இருந்தால் தெக்காசாம்ப்சாவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆற்றில் உருண்டு நுனி தேய்ந்த தனிப்பல்லை வைத்து அடித்துப் பேச முடியாது. பட்டியலில் ‘முதலை இனம்’ என்று மட்டும் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதைவிட முக்கியமான ஐயம் வேறு: பல் பழையதா, போன வருடம் விழுந்ததா? உயிருள்ள அலிகேட்டரும் அதன் உடற்பாகங்களும் புளோரிடாவின் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருபவை. ஃபாசில் பெர்மிட் அவற்றுக்குப் பொருந்தாது. புதிய பல் வெளிர் மஞ்சளாகவும் எடையின்றியும் இருக்கும். புதைபடிவம் கறுத்து, கல்லைப் போல் கனக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இந்த ஆற்றின் தேநீர் நிற நீர் புதிய எலும்பையும் சாயம் ஏற்றிவிடும். ஐயம் வந்தால், பழுக்கக் காய்ச்சிய ஊசி முனையைப் பல்லின் அடிப்பகுதியில் மறைவான இடத்தில் தொட்டுப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்தால் அது புதியது, ஆற்றிலேயே விட்டுவிடுங்கள்.

7. வீட்டுக்கு வந்ததும்

நல்ல தண்ணீரில் மென்மையான பல் துலக்கியால் கழுவி, நிழலில் மெதுவாக உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் எனாமல் விரிசல் விட்டு உரியும். ப்ளீச், அமிலம், வார்னிஷ் மூன்றும் வேண்டாம். உதிரும் நிலையில் இருந்தால், அசிட்டோனில் நீர்க்கக் கரைத்த பாராலாய்டு பி-72 என்னும் பிசினைப் பூசலாம். அருங்காட்சியகங்கள் பயன்படுத்துவது அதைத்தான், பின்னால் வேண்டுமென்றால் கரைத்து எடுத்துவிடவும் முடியும்.

கழுவும் அதே மாலையில் சீட்டு எழுதிவிடுங்கள்: தேதி, ஆற்றின் பெயர், அருகிலுள்ள பாலம் அல்லது படகுத்துறை, ஜிபிஎஸ் புள்ளி, சரளையின் ஆழம். ஒவ்வொரு நாள் சேகரிப்பையும் தனிப் பையில் வையுங்கள். மூன்று நாள் பற்களை ஒரே டப்பாவில் கொட்டிவிட்டால் பிறகு எந்தப் பல் எங்கே கிடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆண்டு முடிவில் அருங்காட்சியகம் கேட்பதோ அந்த இடத்தைத்தான்.

8. அறிக்கையும் அறுபது நாளும்

அனுமதிக் காலம் முடியும்போது, அந்த ஆண்டில் சேகரித்த முதுகெலும்பு விலங்குப் புதைபடிவங்கள் அனைத்தின் பட்டியலையும், கிடைத்த இடத்தின் விவரத்தோடு அருங்காட்சியகத்துக்கு அனுப்ப வேண்டும். விரும்பினால் பொருள்களையே அனுப்பலாம். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதி அனுப்பிவிடுங்கள். ஆண்டு முழுவதும் சீட்டு எழுதியவருக்கு இது அரை மணி நேர வேலை. பல் ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டாம். ‘முதலை இனப் பற்கள், ஒன்பது, சோல்ஃபோ ஸ்பிரிங்ஸ் பாலத்துக்குத் தெற்கே’ என்ற அளவில் தொகுத்து எழுதலாம். பல்லோடு கூடிய தாடைத் துண்டு, மண்டையோட்டுப் பகுதி, அல்லது ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் எலும்புகள் என்று வழக்கத்துக்கு மாறாக ஏதாவது கண்டால் ஆண்டு முடிவு வரை காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மேலும் தோண்டாமல் நிறுத்திவிடுங்கள்.

அறிக்கை சென்ற 60 நாட்களுக்குள் குறிப்பிட்ட ஒன்றைத் தரும்படி அருங்காட்சியகம் கேட்கலாம். கேட்காவிட்டால் அவை உங்களுடையவை. எல்லாவற்றையும் அரசு பிடுங்கிக்கொள்ளும் என்ற பேச்சு இந்த விதியிலிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். சாதாரணமான தனிப் பற்களுக்காக யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. ஆனால் அந்த அறுபது நாள் கழியும் வரை விற்பதோ, பண்டமாற்றுச் செய்வதோ, யாருக்கும் பரிசாகக் கொடுப்பதோ கூடாது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அக்கா பிள்ளைகளுக்கு இரண்டு பற்களைக் கொண்டு போக நினைப்பவர்கள், பயணத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அறிக்கையை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அறிக்கையின் நகலையும் அனுமதியின் நகலையும் பல்லோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள். புதிய ஆண்டுக்கான விண்ணப்பத்தையும் அறிக்கையோடு ஒரே மூச்சில் முடித்துவிட்டால், அடுத்த நவம்பரில் நீர் வடியத் தொடங்கும்போது அளவுமானியைப் பார்ப்பது மட்டுமே மீதியிருக்கும்.